கடல் கடந்த காவிரிக் குடிகள்

சென்ற கோடை விடுமுறையில் ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலை வழியே செல்ல நேர்ந்தபொழுது, உணவுச் சாலையொன்றன் முகப்பில் நாம் அதுகாறும் கண்டறியாத எழுத்துக்கள் பொறித்த பலகையொன்றைக் கண்டோம். வட்டமும் கோடுமாக அமைந்த அவை கொரிய எழுத்துக்கள் என்று உடன் வந்த நண்பர் கூறினார். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார்த் தொழிற்சாலை 1998-ஆம் ஆண்டில் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது முதல், கொரியர் பலர் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வந்து தங்கியுள்ளனர் என்பதும், அவருட் பலர் சில ஆண்டு பணியாற்றித் தாயகம் மீள்வோரே என்பதும் பின்னர் அறிந்தோம். அறியுந்தோறும் வேட்கை மிகுந்தது. தாயகத்திற்குப் புறத்தே வாழும் கொரியர் ஏறத்தாழ எழுபது லட்சம் பேர். அமெரிக்க ஐக்கிய நாடும், சீனமும், ஜப்பானும் அவர் மிகுதியாய் வாழும் நாடுகள். அவர்தம் முன்னோருள் நூறு பேரளவினர் 1903-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஹவாய்த் தீவிற் கரும்புத் தோட்ட வேலைக்கென்று கரையிறங்கினர். 1937-ஆம் ஆண்டிலோ, சோவியத் நாட்டின் கீழைக் கோடியில் உழுது வாழ்ந்த கொரியர் ஒரு லட்சத்து எழுபதினாயிரம் பேர்வரை ரயில் வண்டிகளில் ஏற்றப்பட்டு, பல்லாயிரங் கல் தொலைவிலுள்ள கசக்ஸ்தானத்திலும் உஸ்பெகிஸ்தானத்திலும் கொண்டுபோய் விடப்பட்டனர்.

கரும்புத் தோட்டம் என்னும் சொல்லையும் 1937 என்னும் ஆண்டையும் படித்த அளவிலே, அயலார் கணக்கை விடுத்து நம்மவர் கணக்கைப் பார்க்கவேண்டுமென்று தோன்றிற்று. ஆகவே இக்கட்டுரை கொரியரைப் பற்றியதன்று. காவிரியின் கடைமடை நாட்டிலிருந்து கடல் கடந்து குடியேறிய தமிழரைப் பற்றியது.

நாம் பிறந்த ஊர் வலங்கைமான். கும்பகோணத்திற்குத் தெற்கே குடமுருட்டியாற்றை அடுத்துள்ள சிற்றூர். முன்னர்த் தஞ்சை மாவட்டத்தில் இருந்து, 1997-ஆம் ஆண்டில் திருவாரூர் மாவட்டம் அமைந்தபொழுது அதனுட் சேர்ந்தது. பிற ஊரார் எம்மூரை அறிவது இரண்டனால்: ஒன்று வெடி, மற்றொன்று பாடைக் காவடி. கொடுநோயினின்று பிழைத்தெழுந்தவர், மாண்டவரைப் போலத் தம்மைப் பாடையிற் கட்டுவித்து மாரியம்மன் கோயிலுக்குச் சுமந்து செல்லப் பெறும் நேர்ச்சி அது. அறிந்தோர் மூன்றாவதாக ஒன்று கூறுவர்: வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1869-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் பிறந்த ஊர் அஃது. கும்பகோணத்திற் கற்று, ஆசிரியராயிருந்து, கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்து, அவர்க்குப்பின் அதன் தலைவராகி, ஆங்கில நாவன்மையால் உலகறிய நின்ற அப்பெரியார்க்கும் இக்கட்டுரைக்கும் உள்ள தொடர்பு அவருடைய நாவன்மை பற்றியதன்று. கடல் கடந்த தமிழர் வாழ்வை நேரிற் கண்டு கூறுமாறு இந்திய அரசினர் மீண்டும் மீண்டும் அனுப்பியது அவரையே. 1927 முதல் 1929-இன் தொடக்கம் வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதற் பிரதிநிதியாயிருந்தார். 1936-ஆம் ஆண்டின் முடிவில் மலாயாவுக்குச் சென்றார். அவர் சென்று கண்ட மக்களுட் பலர் அவர் பிறந்த மாவட்டத்தார்.

இங்கு ஒரு வினா எழும். தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று பாராட்டப்படும் நாட்டிலிருந்து மக்கள் ஏன் வெளியேறினர்? வானம் பார்த்த இராமநாதபுரத்தார் வெளியேறுதல் இயல்பு. ஆற்றுப் பாய்ச்சல் உள்ள தஞ்சையார்க்கு என்ன குறை? யாக்கோபின் புதல்வர் தானியம் தேடி எகிப்துக்குப் போயினர். இங்கோ தானியம் விளைத்தவரே அதனை விட்டுப் போயினர். விளைந்த நெல் உழுதவர் வீட்டை அடையவில்லை என்பதே விடை. நிலம் மிராசுதாரரிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தது. உழுதவர் பண்ணையாட்கள். கலியாணத்திற்கோ கருமாதிக்கோ வாங்கிய சிறு கடன் தந்தையிடமிருந்து மகனைப் பற்றும். அவன் வேறு பண்ணைக்குப் போகலாகாது. குடியிருக்கும் மனையும் அவனதன்று. விளைச்சல் பெருகினும் குன்றினும் அவன் பெறுவது மரக்காற் கணக்கிலான கூலி நெல்லே. இந்நிலையிலிருந்த குடும்பங்களுட் பெரும்பகுதி சேரிகளில் வாழ்ந்தவை. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-ஆம் ஆண்டில் என்பதைக் கருதினால், அதற்கு முந்திய நூறாண்டில் ஒருவன் பண்ணையினின்று விடுபட்டு ஓட இருந்த திசை ஒன்றே என்பது விளங்கும். அது கிழக்கு. பொழுது விடிவதற்குள் நாகப்பட்டினம் சேர்ந்துவிட்டால் பிழைத்தான். நம் முன்னோர் வாழ்ந்ததும் அத்தகைய சேரியொன்றிலேயாதலின் இதனை ஏட்டறிவாக மட்டும் கூறுகின்றோம் அல்லேம்.

நாகையின் கடல்வழி பழமையானது. பட்டினப்பாலை புகார்த்துறையிற் குவிந்த பண்டங்களைக் கூறுமிடத்துக் காழகத்துப் பொருளையும் சேர்த்துக் கூற, நச்சினார்க்கினியர் காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை வகுத்தார். கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. ஸ்ரீவிசய மன்னன் பெயரால் நாகையில் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த செய்தியைச் செப்பேடுகள் கூறுகின்றன. முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டை ஒட்டிக் கடாரத்தின்மேற் படை செலுத்தினான். சுமத்திராத் தீவின் பாருஸ் என்னுமிடத்தில் 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த, தமிழ் வணிகர் குழுவினரது தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைத்துள்ளது. கடல் கடந்த தமிழரைப்பற்றி நம் மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இவ்விடத்தில் தொடங்கி இவ்விடத்திலேயே முடிந்துவிடுகின்றன. படையோடு சென்றவனைக் கல் நினைவிற் கொண்டது. பாயும் கலயமுமாய்ச் சென்றவனைக் கொள்ளவில்லை. ஆயினும் குடியேறி நிலைத்தவர் பின்னவரே.

பின்னவருள் முற்பட்டவர் வணிகர். 1786-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பினாங்கையும், 1819-இற் சிங்கப்பூரையும் துறைமுகங்களாக்கிய உடனே நாகூர், நாகை, காரைக்கால் பகுதிகளின் தமிழ் முஸ்லிம் வணிகரும் மாலுமிகளும் அங்குத் தெருக்களையே அமைத்துக்கொண்டனர். அவரைச் சூலியர் என்று வழங்கினர். பினாங்கிற் சூலியா தெரு என்னும் பெயர் இன்றும் உண்டு. நாகூர் ஆண்டவர் தருகாவை நினைந்து அவ்விரு நகர்களிலும் தருகாக்கள் எழுப்பினர். சிங்கப்பூரில் உள்ளது 1828 முதல் 1830 வரை கட்டப்பட்டது. ஓர் ஊரார் பிறிதோர் ஊரிற் குடியேறும்போது எதனை முதலில் எடுத்துச் செல்கின்றனர் என்பதை இக்கட்டடங்கள் காட்டும். கூத்தாநல்லூர் போன்ற ஊர்களின் வணிகர் பின்னாளிலும் இவ்வழியே சென்றனர். அவ்வூரைச் சின்னச் சிங்கப்பூர் என்று அழைப்பார் உளர்.

தொழிலாளர் சென்ற கதை வேறு. ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டக்காரர்க்கு ஆள் வேண்டும். ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கைந்நாட்டு வாங்கிக்கொண்டு இந்தியரை ஏற்றிச் செல்லும் முறை பிறந்தது. முதலில் மொரீசுத் தீவு, பின்னர் மேற்கிந்தியத் தீவுகள், 1860-இல் நேட்டால், 1879-இற் பிஜி. சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் 342 பேருடன் 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. 1911-இல் அம்முறை அங்கு நிறுத்தப்படும்வரை நேட்டாலில் இறங்கியவர் 1,52,184 பேர். அவருள் மூன்றில் இரு பங்கினர் சென்னை மாகாணத்தார். இத்துணைத் துல்லியமாகத் தொகை கூற இயல்வது ஏனெனில், ஒவ்வொருவர்க்கும் எண்ணிட்டு, பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு ஆகிய அனைத்தையும் பதிந்து வைத்தனர். அன்பினாற் பதிந்தாரல்லர், ஓடிப்போனாற் பிடிப்பதற்குப் பதிந்தனர். எனினும் நூற்றைம்பது ஆண்டு கழித்துப் பேரனின் பேரன் தன் ஊரைத் தேடி வருங்கால் அவனுக்குத் துணையாவது அப்பதிவேடே.

நேட்டாற் குடியேற்றத்தின் அமைப்பு இன்னது: முதற்கண் டர்பனுக்கு வடக்கும் தெற்குமாகக் கடலோரக் கரும்பு நிலம். ஒப்பந்தம் முடிந்தபின் சிலர் மீண்டனர். மிகப் பலர் நகரத்தின் புறத்தே சிறு நிலம் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டு விற்றனர். அவ்வாறு நிலைத்தவர்மீது 1895-இல் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதிக்கச் சட்டம் செய்தனர். திரும்பிப் போ, அன்றேல் மீண்டும் ஒப்பந்தத்தில் விழு என்பதே அவ்வரியின் கருத்து. 1913-ஆம் ஆண்டுப் போராட்டத்திற்கு அது காரணங்களுள் ஒன்று. அப்போராட்டத்திற் சிறை சென்று நோயுற்று, விடுதலையானவுடன் 1914 பிப்ரவரி 22-இல் உயிர் நீத்த வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கிற் பிறந்தவர். தில்லையாடியைத் தம் கண்ணாற் கண்டவரல்லர். ஆயினும் தரங்கம்பாடிக்கு அணித்தாகிய அவ்வூரின் பெயராலேயே தில்லையாடி வள்ளியம்மை என்று வழங்கப் பெறுகின்றார். பெற்றோர் ஊர் பெயரோடு ஒட்டிச் செல்லும் இவ்வழக்கம் குடியேறிய மக்கள் எல்லாரிடத்தும் உண்டு போலும்.

இந்நாட்டிற்குத்தான் 1927-இற் சாஸ்திரியார் சென்றார். அவ்வாண்டுக் கேப்டவுன் உடன்படிக்கை இருமுகம் உடையது. ஒருபால், தங்கிவிட்ட இந்தியரைக் கல்வியிலும் வாழ்விலும் உயர்த்துவதாக வாக்களித்தது. மற்றொருபால், தாயகம் திரும்புவோர்க்குப் பணம் கொடுத்து அனுப்புவதாகவும் கூறியது. முதற் கூற்றைப் பற்றிக்கொண்டு சாஸ்திரியார் உழைத்தார். டர்பனில் அவர் பெயரால் எழுந்த சாஸ்திரி கல்லூரி இந்தியப் பிள்ளைகளின் உயர்நிலைக் கல்விக்கு வழி திறந்தது. இரண்டாம் கூற்றை நம்பித் திரும்பியவர் கதி வேறு. ஆப்பிரிக்காவிற் பிறந்து, தமிழைப் பிறழப் பேசி, சாதிக் கட்டிற்கு அடங்காது வளர்ந்த பிள்ளைகளோடு அவர்கள் சென்னையில் வந்திறங்கியபோது, ஊரிற் சேர்ப்பார் இலர். நகரில் வேலை இலது. கொடுத்த பணம் கரைந்தபின் மீண்டும் கப்பலேற வழி தேடினர் பலர். குடியேறிய மக்களைத் திரும்ப அழைத்தல் என்பது ஓடிய ஆற்றைத் திரும்ப அழைத்தலை ஒக்கும். அங்குத் தங்கியவர்க்கும் அமைதியில்லை. 1950-ஆம் ஆண்டின் வட்டாரப் பிரிவினைச் சட்டத்தால் காட்டோ மேனர் போன்ற இடங்களினின்று எழுப்பப்பட்டு, சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் என்னும் புதுக் குடியிருப்புக்களிற் குவிக்கப்பட்டனர். இன்று அந்நாட்டில் இந்திய மரபினர் பதினைந்து லட்சத்துக்கு மேல். அவருட் பெரும்பாலோர் இன்றும் டர்பனைச் சூழவே வாழ்கின்றனர்.

பிஜியைப் பற்றி நீட்டித்து உரையோம். ஆங்குச் சென்ற அறுபதினாயிரவருட் சென்னை மாகாணத்தார் கால்பங்கே. அவர் சென்றதும் 1903-க்குப் பின்னரே. அங்குள்ள நம் பெண்டிர் பட்ட துயரைப் பாரதியார் பாடியிருத்தலின் தமிழ் மாணவர்க்கு அது புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் காவிரி நாட்டார் சென்றனர். ஆயினும் அங்கு மிக்குச் சென்றோர் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதியினர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவும் மூன்று லட்சம் பேரை இலங்கையும் குடிகளாக ஏற்பதென்று இரு அரசினரும் பங்கிட்டுக்கொண்ட வரலாறு தனியே எழுதத்தக்கது. பர்மாவோ நெல் நாட்டார் சென்ற பிறிதொரு நெல் நாடு. ஐராவதிக் கழிமுகத்தைச் செட்டியார் பணம் வயலாக்கியது. அவ்வயலின் அரிசியை மலாயாத் தோட்டத்துத் தமிழரும் உண்டனர். தஞ்சை நெல்லை விட்டு ஓடியவன் இரங்கூன் அரிசியை உண்டு பால்மரம் சீவினான் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

காவிரி நாட்டார் மிகப் பெருந்தொகையாய்ச் சென்றது மலாயாவுக்கே. 1877-இற் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் விதைகள் காடாய்ப் பெருகின. 1905-ஐ ஒட்டி உலகில் மோட்டார் வண்டி பரவ, ரப்பர் விலை ஏற, ஆள் தேவை அளவின்றிப் பெருகிற்று. ஒப்பந்த முறை 1910-இல் அங்கு ஒழிந்தது. கங்காணி முறை அதன் இடத்தைப் பிடித்தது. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவனுக்கு உரிமம் கொடுத்து, அவன் பிறந்த ஊருக்கே அனுப்பி, உற்றாரையும் ஊராரையும் அழைத்துவரச் செய்வது அம்முறை. வந்த ஆட்கள் வேலைக்கு நிற்குந்தோறும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. பட்டுருமால் கட்டி, கடிகாரம் அணிந்து, சேரியில் வந்து நின்ற அவன் சொல்லுக்கு மிராசுதாரன் சொல்லினும் வலிமை இருந்தது என்று முதியோர் கூறுவர். இம்முறையால் விளைந்த குடியேற்ற அமைப்பு கவனிக்கத்தக்கது. ஒரு தோட்டத்தில் ஒரே வட்டாரத்தார், பலகால் ஒரே சாதியார், ஒரே கங்காணியின் கீழ் வாழ்ந்தனர். ஊரே பெயர்ந்து சென்று லயத்தில் அமர்ந்தது. ஊரின் நன்மையும் தீமையும் உடன் சென்றன. மாரியம்மன் கோயிலும் கூத்தும் போயின. லயத்திற்குள் மேலோர் கீழோர் வரிசையும் போயிற்று. தரங்கம்பாடி லுத்தரன் சபையைச் சேர்ந்தவர் சென்று வாழ்ந்தமையால் அங்கும் ஒரு தமிழ் லுத்தரன் சபை தோன்றியது.

தொகையைக் காண்போம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சேர்த்து 1901-இல் இந்தியர் ஏறக்குறைய 1,20,000, 1921-இல் 4,70,000, 1931-இல் 6,20,000. இவருள் ஐந்தில் நால்வர் தமிழர். வாழ்ந்த இடமோ மேலைக்கரை மட்டுமே என்னலாம். பினாங்கு, கெடாவின் தென்பகுதி, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர் என்று ரயில் பாதையும் ரப்பர்க் காடும் சேர்ந்து சென்ற வழியெல்லாம் தமிழர்; கீழைக்கரையின் கிளந்தானிலும் திரங்கானுவிலும் மிகச் சிலர். நகரங்களில் அவரை அவர் செய்த தொழில் காட்டும் இடங்களிற் காணலாம்: கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ரயில்வேத் தொழிலாளர், சிங்கப்பூரில் துறைமுகத்தருகிலும் கடற்படைத் தளத்தருகிலும் கூலியாட்கள், சிராங்கூன் சாலையிற் கடைக்காரர்.

ஆண் பெண் தொகையில் ஒரு பெருங்குறை இருந்தது. தலைவன் கடல்வழிப் பிரியுங்கால் தலைவியை உடன்கொண்டு செல்லுதல் இல்லை என்பது தொல்காப்பிய அகத்திணையியற் சூத்திரம் ஒன்றன் கருத்து. வகுப்பில் அதனைப் பாடங்கேட்டபொழுது பண்டை வழக்கென்று மட்டும் எண்ணினோம். 1931-ஆம் ஆண்டுக் கணக்கிலும் மலாயா இந்தியருள் ஆடவர் இருவர்க்குப் பெண் ஒருவர்தாம் என்பதைக் கண்டபின், அச்சூத்திரத்தை நாம் படித்த முறையே மாறிற்று. ஹவாய் சென்ற கொரிய ஆடவர் தம் ஒளிப்படத்தை ஊருக்கனுப்பி, அதனைக் கண்டு இசைந்த பெண்டிரைக் கப்பலில் வருவித்து மணந்தனராம். நம்மவர் ஒளிப்படம் அனுப்பவில்லை. மூன்றாண்டு மிச்சம் பிடித்து ஊர் வந்து மணந்து, மனைவியை விட்டுவிட்டு மீண்டும் சென்றனர். அடுத்த முறை அழைத்துச் செல்வதாகச் சொல்லிச் சென்றனர்.

நம் பாட்டியாரின் பெரிய தகப்பனாரும் அவ்வாறு சொல்லிச் சென்றவரே. 1937-ஆம் ஆண்டு, மணமான நான்காம் திங்களில், எம்மூர்ச் சேரியினின்று நாகைக்கு நடந்து, அங்குக் குடியேறுவோர் முகாமில் அம்மை குத்தப் பெற்று, கப்பலின் மேற்றளத்திற் பாய்விரித்து, ஒரு வார அளவிற் பினாங்கை அடைந்து, பேராக்கில் ஒரு தோட்டத்திற் சேர்ந்தார். அதற்குச் சில திங்கள் முன்னர்த்தாம் சாஸ்திரியார் அதே கடலைக் கடந்து அதே நாட்டுத் தோட்டங்களைப் பார்வையிட்டு மீண்டிருந்தார். அக்கிரகாரத்தினின்று ஒருவர் பார்க்கச் சென்றார். சேரியினின்று ஒருவர் உழைக்கச் சென்றார்.

சாஸ்திரியாரின் அறிக்கை 1937-இல் வெளிவந்தது. ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஐம்பது காசும் பெண்டிர்க்கு நாற்பது காசுமாகக் கூலியை மீட்டுத் தரவேண்டும் என்றார். தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதைத் தடுக்கக் காரணம் கண்டிலேன் என்றும் எழுதினார். பின்னுரைத்ததைப் பலர் கடிந்தனர். தோட்டக்காரரின் விருந்தினராய்ச் சென்றவர் லயத்தின் உள்ளறையைக் கண்டிலர் என்றனர்; அரசியல் உரிமையைப் பற்றி அழுத்திக் கூறவில்லை என்றனர். அக்குறையை நாமும் மறுக்கமாட்டோம். 1930-இன் பெருமந்தத்திற் கூலி பாதியளவு குறைந்ததும், லட்சத்துக்கு மேற்பட்டோர் வேண்டாத சுமையெனத் திருப்பியனுப்பப்பட்டதும் அவர் அறியாதன அல்ல. ஆயினும் தடுக்கக் கூடாதென்றவர், தஞ்சைப் பண்ணையையும் மலாயாத் தோட்டத்தையும் ஒருங்கே அறிந்தவர். காசாக எண்ணிக் கொடுக்கும் கூலியும், பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாற் பள்ளி வைக்கவேண்டுமென்ற சட்டமும் அங்கு இருந்தன. எம்மூர்ச் சேரியில் அவ்விரண்டும் இல்லை. தோட்டம் நல்லதென்று நாம் கூறவில்லை. பண்ணையினும் தோட்டம் நல்லதென்று ஒருவன் துணிந்தானாயின், அவன் துணிவைத் தடுக்கும் உரிமை யார்க்கு உண்டு என்பதே கேள்வி.

கூலி மீண்டும் குறைக்கப்படவே, 1938 ஜூன் திங்களில் இந்திய அரசு உதவிச் செலவிற் கூலியாட்கள் செல்வதை நிறுத்தியது. நாட்டின் மானம் காக்கச் செய்த செயல் என்று அன்று போற்றப்பட்டது. தோட்டத்தார்மீது அது கொண்ட பயன் ஒருபுறமிருக்க, மறு ஆண்டு அழைத்துச் செல்வதாகச் சொல்லப்பட்டிருந்த பெரிய தாயார்க்கு இலவசக் கப்பற் பயணம் இல்லையாயிற்று. கைப்பணம் கொடுத்துச் செல்ல வகையில்லை. அவர் வலங்கைமானிலேயே நாற்று நட்டுக்கொண்டிருந்தார்.

1941-இற் சிலாங்கூரின் கிள்ளான் பகுதியில் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வும் மதிப்பும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். துப்பாக்கிச் சூட்டிற் சிலர் உயிரிழந்தனர். அவர் கேட்டவற்றுள் ஒன்று, துரையைக் கண்டாற் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற கட்டாயம் ஒழியவேண்டும் என்பது. கங்காணியின் கீழ் ஊரோடு பெயர்ந்த மக்கள், இருபது முப்பது ஆண்டில் இதனைக் கேட்கும் மக்களாயினர். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் இறங்கினர். சயாம் பர்மா ரயில்பாதை வேலைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டு, காலராவாலும் பட்டினியாலும் காட்டில் மடிந்தனர். அங்கு இறந்த வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழர்க்கு எண்ணிக்கையும் திட்டமாக இல்லை. வெவ்வேறு நூல்கள் வெவ்வேறு தொகை கூறும். 1947-ஆம் ஆண்டுக் கணக்கில் மலாயா இந்தியர் 6,00,000 ஆயினர். பதினாறு ஆண்டுகளில் தொகை ஏறவில்லை, இறங்கிற்று. மந்தம், தடை, போர் மூன்றும் அவ்விறக்கத்துள் அடங்கும்.

விடுதலை பெற்ற மலாயாவில் அவர்கள் நிலை பலவாறு மாறியது. 1950-களில் வெள்ளையர் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது லயத்தார் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தொழிலாளரிடமே சிறு தொகை திரட்டிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தோட்டங்களை வாங்கினார். பின்னர் ரப்பரின் இடத்தை எண்ணெய்ப் பனையும், பனையின் இடத்தை வீட்டு மனைகளும் பற்றின. தோட்டத் தமிழர் நகர்ப்புறத்தை அடைந்தனர். இன்று மலேசிய இந்தியர் ஏறத்தாழ இருபது லட்சம். மிகுதியாய் வாழ்வது சிலாங்கூரில். தமிழ்ப் பள்ளிகள் ஐந்நூற்றுக்கு மேல் உள. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. எம் பகுதி இளைஞர் இன்றும் சிங்கப்பூர்க்கும் வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். ஆனால் ஸ்ரீபெரும்புதூர்க் கொரியரைப் போல இவரும் குடியேறுவோரல்லர், ஆண்டுக் கணக்கிற் சென்று மீள்வோர்.

நாகைத் துறையினின்று மலாயாவுக்குச் சென்ற ‘ரஜூலா’ 1926-இற் கட்டப்பட்டு 1973 வரை ஓடியது. அதன்பின் ஓடிய ‘சிதம்பரம்’ 1985-இல் தீப்பற்றியதோடு அவ்வழி அடைந்தது. பெரிய தாயார் அதற்கு மறு ஆண்டு இறந்தார். இறக்கும்வரை தாலியைக் களைந்திலர். அவருடைய தகரப் பெட்டியில் மூன்று கடிதங்கள் இருந்தன. இப்பொழுது நம்மிடம் உள்ளன. மூன்றும் வேறொருவர் கையெழுத்து. தோட்டத்துக் கிராணியைக் கொண்டு எழுதுவித்தனவாதல் வேண்டும். கடைசிக் கடிதம் 1941 ஆனித் திங்களில் எழுதியது. தாம் நலம் என்றும், கப்பல் திறந்தவுடன் செலவுக்குப் பணம் அனுப்புவதாகவும் கூறிவிட்டு, குடமுருட்டியில் இவ்வாண்டு தண்ணீர் வந்துவிட்டதா, நாற்று விட்டாயிற்றா என்று கேட்டிருக்கின்றார்.